உள்ளே தட்டாத அலாயும் ஊளையிட்ட பேரிங்கும்

சித்தப்பா மகன் தாம்பரத்தில் இருக்கிறான். அவன் வாங்கிய பழைய ஸ்விஃப்ட், ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ஊளையிட ஆரம்பித்துவிடும். வேகம் ஏற ஏற சுருதியும் ஏறும். ஓடிக்கொண்டிருக்கும்போதே நியூட்ரலுக்கு மாற்றிப் பார்த்தேன். எஞ்சின் சத்தம் இறங்கியது, ஊளை அப்படியே இருந்தது. அப்படியென்றால் எஞ்சின் இல்லை. மீதி இரண்டு சந்தேகங்கள்: டயர் அலையலையாகத் தேய்ந்திருக்க வேண்டும், அல்லது வீல் பேரிங் போயிருக்க வேண்டும்.

இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்வார்கள், சத்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கூட்டமில்லாத நேரத்தில் ஜி.எஸ்.டி. சாலையில் அறுபதில் போகும்போது ஸ்டீயரிங்கை லேசாக வலது பக்கம் திருப்பினேன். வலது பக்கம் திரும்பினால் காரின் எடை இடது சக்கரங்கள் மேல் சாயும். ஊளை தெளிவாகக் கூடியது. இடது பக்கம் திருப்பியதும் அடங்கியது. டயர் சத்தம் இந்த அளவுக்கு மாறாது. ஆக, இடது பக்கப் பேரிங்.

வீட்டுக்கு வந்து ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, முன் இடது சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். ஆட்டமே இல்லை. ஆட்டம் இல்லாவிட்டால் பேரிங் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். குண்டுகள் ஓடும் பாதை உதிர ஆரம்பித்த பேரிங்கும் பல மாதம் ஆட்டமில்லாமலே ஓடும். இதற்குக் கைதான் நல்ல கருவி. சஸ்பென்ஷன் சுருள் ஸ்பிரிங்கின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு மற்றொரு கையால் சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். நல்ல பேரிங் என்றால் ஸ்பிரிங்கில் ஒன்றும் தெரியாது. இதில் மணலை அரைப்பதுபோல் ஓர் அதிர்வு விரலுக்கு வந்தது. வலது பக்கத்தில் அது இல்லை.

பேரிங்கை மாற்றினால் போதும் என்று விட்டிருக்கலாம். ஆனால் காரைப் பின்னால் நின்று பார்த்தபோதே எனக்குச் சரியாகப் படவில்லை. முந்தைய உரிமையாளர் போட்ட அலாய் சக்கரங்கள் மட்கார்டைத் தாண்டி வெளியே நின்றன. மழை நாளில் ஓட்டினால் கதவு முழுக்கச் சேறு என்று தம்பியும் சொன்னான். டயர் கடையில் ஏற்கெனவே காட்டியிருக்கிறான். "உள்ளே எங்கேயும் தட்டல சார், ஃபிட்டிங் சரியா இருக்கு" என்று அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை. உண்மையிலேயே உள்ளே எங்கேயும் தட்டவில்லை. அது எப்படி என்பதை அளந்து பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

ஆஃப்செட் என்பது எளிமையான அளவு. ரிம்மின் அகலத்துக்கு நட்ட நடுவில் ஒரு கோடு போடுங்கள். ரிம் ஹப்பில் (சக்கரத்தைப் பூட்டும் சுழலும் பாகம்) போய் உட்காரும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட். முகம் வெளிப்பக்கம், அதாவது தெருவைப் பார்த்த பக்கம் தள்ளி இருந்தால் பாசிட்டிவ். இன்றைய முன்சக்கர இழுவைக் கார்கள் எல்லாமே பெரிய பாசிட்டிவ் ஆஃப்செட் கொண்டவை. அலாயின் ஆரத்துக்குப் பின்பக்கம் ‘ஈடி’ என்ற ஆங்கில எழுத்துகளோடு ஓர் எண் வார்க்கப்பட்டிருக்கும். ஜெர்மன் மொழிச் சொல்லொன்றின் சுருக்கம் அது. எண் குறைந்தால் சக்கரம் வெளியே வரும், கூடினால் உள்ளே போகும்.

இந்த அலாயில் 15 அங்குலம், 7ஜே என்பது தெரிந்தது. ஈடி எண் இருந்த இடத்தில் பெயின்ட் மொத்தமாக ஏறி, படிக்க முடியாமல் இருந்தது. சரி, அளந்துவிடலாம். ஒப்பிட ஸ்டெப்னி இருக்கிறதே! அதில் கம்பெனியின் இரும்பு ரிம்மே இருந்தது: 14 அங்குலம், 5ஜே.

அளக்கும் முறை இது. சக்கரத்தை முகம் கீழே இருக்கும்படி படுக்க வைத்து, பின்பக்க ரிம் விளிம்பின் மேல் ஒரு நேரான அலுமினியப் பட்டையைக் குறுக்கே வைக்க வேண்டும். பட்டையின் அடியிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் வரை எவ்வளவு ஆழம் என்று பார்க்க வேண்டும். ஸ்டெப்னியின் டயர் சுவர் ரிம்மைத் தாண்டி உப்பி நின்றதால் பட்டை விளிம்பில் உட்காரவில்லை. ஒரே தடிப்புள்ள இரண்டு மரத்துண்டுகளை விளிம்பில் வைத்து அதன்மேல் பட்டையை வைத்தேன், பிறகு மரத்தின் தடிப்பைக் கழித்துக்கொண்டேன். இரும்பு ரிம்மின் ஆழம் 121 மி.மீ. அலாயின் ஆழமும் அதே 121, கூடவே அரை மி.மீ.

முதலில் இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். தம்பியும் அதையேதான் கேட்டான்: "அளவு மாறவே இல்லையேண்ணே?"

அங்கேதான் சூட்சுமம். ரிம்மின் 5ஜே, 7ஜே என்பது டயர் உட்காரும் இடத்தின் அகலம். விளிம்போடு சேர்த்து அளந்தால் சுமார் ஓர் அங்குலம் கூடுதலாக வரும். 5ஜே ரிம் மொத்தம் 6 அங்குலம், அதாவது 152 மி.மீ., பாதி 76. ஆழமான 121-இலிருந்து 76-ஐக் கழித்தால் ஆஃப்செட் 45. 7ஜே ரிம் மொத்தம் 8 அங்குலம், 203 மி.மீ., பாதி நூற்றி ஒன்றரை. நூற்றி இருபத்தொன்றரையிலிருந்து அதைக் கழித்தால் 20. ஆக 45 இருந்த இடத்தில் 20.

உள்விளிம்பு பழைய இடத்திலேயே நிற்கிறது. அதனால் ஸ்ட்ரட்டில் (சுருள் ஸ்பிரிங்கைத் தாங்கும் சஸ்பென்ஷன் தூண்) தட்டாது, பிரேக் ஹோஸில் உரசாது, கடைக்காரர் தலையை உள்ளே விட்டுப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். கூடிய இரண்டு அங்குல அகலமும் முழுக்க வெளிப்பக்கம் போயிருக்கிறது. வெளிவிளிம்பு 5 சென்டிமீட்டர் வெளியே, சக்கரத்தின் நடுக்கோடு 25 மி.மீ. வெளியே. பேரிங்குக்கு முக்கியம் அந்த 25.

இடுப்பில் இருக்கும் குடத்தை அப்படியே கையை நீட்டித் தூக்கிப் பிடிப்பதுபோல்தான் இது. எடை கூடவில்லை, தூரம் கூடியிருக்கிறது.

முன்சக்கர ஹப்பில் இருப்பது இரட்டை வரிசைப் பேரிங்: வெளிப்பக்கம் ஒரு வரிசைக் குண்டுகள், உள்பக்கம் ஒரு வரிசை. சக்கரத்தின் நடுக்கோடு இந்த இரண்டு வரிசைகளுக்கும் ஏறத்தாழ நடுவில் விழும்படிதான் வடிவமைப்பார்கள். இந்தக் காரில் முன்சக்கரம் ஒன்றுக்குச் சுமார் 300 கிலோ வரும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வரிசைகளும் சுமையைத் தாங்கும் புள்ளிகளுக்கு இடையே 60 மி.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். நடுக்கோடு நடுவில் விழுந்தால் ஆளுக்கு 150 கிலோ. அது 25 மி.மீ. வெளியே நகர்ந்தால் வெளி வரிசைக்கு 275, உள் வரிசைக்கு வெறும் 25. வெளி வரிசையின் சுமை கிட்டத்தட்ட 1.8 மடங்கு ஆகிறது. குண்டு பேரிங்கின் ஆயுள் சுமையின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பது பேரிங் தேர்வுக்கான அடிப்படைச் சூத்திரம். 1.83-ஐ மும்மடியாக்கினால் ஆறு சொச்சம். வெளி வரிசையின் ஆயுள் ஆறில் ஒரு பங்கு.

இது தாள் கணக்குதான். பேரிங்கில் முன்கூட்டியே இருக்கும் இறுக்கத்தை இதில் சேர்க்கவில்லை. வளைவில் திரும்பும்போது கணக்கே வேறு. வெளிச்சக்கரத்தின் அடியில் தரை கொடுக்கும் பக்கவாட்டு விசை பேரிங்கை எதிர்த்திசையில் முறுக்குவதால், அந்த நேரத்தில் இந்த 25 மி.மீ. கொஞ்சம் உதவிகூடச் செய்யும். ஆனால் கார் தன் ஆயுளில் பெரும்பகுதி நேராகத்தான் ஓடுகிறது. பள்ளத்தில் விழும்போது அந்த 300 கிலோ ஒரு கணம் பல மடங்காகும், அதுவும் நேராகப் போகும்போதுதான் அதிகம். இடது சக்கரம்தான் நம் ஊரில் சாலையோரப் பள்ளங்களையெல்லாம் வாங்கிக்கொள்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு சரியா என்று பேரிங்கையே பிரித்துப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். வேலையை வழக்கமான வரிசையில்தான் செய்தேன், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். சக்கரம் தரையில் இருக்கும்போதே ஆக்சில் நட் கழலாமலிருக்கத் தட்டி மடித்திருந்த விளிம்பை நிமிர்த்தி முதல் இறுக்கத்தை உடைத்துக்கொண்டேன். பிறகு சக்கரம், காலிப்பர் (பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் ஸ்பிரிங்கில் கம்பி போட்டுக் கட்டிவிட்டேன்), டிஸ்க், டை ராட் எண்ட், கீழ் பால் ஜாயின்ட். ஸ்ட்ரட்டின் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றும்முன் அவை நின்ற இடத்தில் ஊசியால் கீறி அடையாளம் வைத்தேன். இல்லாவிட்டால் திரும்பப் பூட்டும்போது கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு, மாறிவிடும். ஆக்சிலை உருவிக்கொண்டு, பேரிங்கும் ஹப்பும் உட்கார்ந்திருக்கும் நக்கிளைத் தனியே எடுத்தாயிற்று.

பிரஸ் வேலைக்கு அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் தெரிந்த லேத் பட்டறைக்குப் போனேன். ஹைட்ராலிக் பிரஸ்ஸில் ஹப்பை வெளியே தள்ளியதும் எதிர்பார்த்தபடியே உள்வளையத்தின் வெளிப்பாதி ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. அதை எடுக்க அண்ணன் ஒருவர் கிரைண்டரால் வளையத்தில் முக்கால்வாசி ஆழத்துக்கு ஒரு வெட்டுப் போட்டார், அந்த வெட்டில் உளியை வைத்து ஒரே அடி. ‘டக்’ என்று விரிந்து கழன்றது. முழுக்க வெட்டினால் ஹப்பின் தண்டு கீறிவிடும், பிறகு புதுப் பேரிங் வாங்கியும் பயனில்லை. தண்டைத் துடைத்து மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தார், தேய்மானம் இல்லை.

வெளிவளையத்தைத் தள்ளுவதற்கு முன் அவரை நிறுத்தச் சொன்னேன். நக்கிள் காரில் இருக்கும்போது மேல் பக்கம் எதுவோ அதற்கு நேராக வளையத்தின் முகத்தில் வெள்ளைப் பெயின்டால் ஒரு புள்ளி வைத்தேன். "எதுக்கு சார், குப்பைக்குத்தானே போகுது?" என்று சிரித்தார். வெளிவளையம் சுழலாமல் நக்கிளிலேயே நிற்கும் பாகம். தரை சக்கரத்தை மேலே தள்ளுவதால் சுமை எப்போதும் வளையத்தின் மேல் பகுதியிலேயே விழும். எந்த வரிசை, எந்தப் பக்கம் அடிபட்டிருக்கிறது என்பதை அந்தப் புள்ளி சொல்லிவிடும்.

சர்க்ளிப்பைக் கழற்றி வளையத்தைத் தள்ளி, டீசலில் கழுவி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தோம். உள் வரிசைப் பாதை பளபளப்பாக இருந்தது, குண்டு ஓடிய தடம் மட்டும் மெல்லிய மங்கலாகத் தெரிந்தது. வெளி வரிசையில், வெள்ளைப் புள்ளிக்குக் கீழேயும் அதன் இரு பக்கத்திலும் எஃகின் மேல்தோல் செதில் செதிலாக உதிர்ந்திருந்தது. பெரிய உதிர்வு மூன்று மி.மீ. அகலம் இருக்கும், நகத்தை ஓட்டினால் மாட்டியது. அதே வரிசையின் கீழ்ப்பகுதி சுத்தம்.

வேறு காரணங்களையும் பார்த்தேன். தண்ணீர் புகுந்திருந்தால் கிரீஸ் பால்போல் வெளுத்திருக்கும், துருவும் இருக்கும். இரண்டும் இல்லை. முன்பு யாராவது தப்பாகப் பிரஸ் செய்திருந்தாலோ, பெரிய பள்ளத்தில் ஒரே அடியாக விழுந்திருந்தாலோ குண்டுகளின் இடைவெளிக்கு ஏற்ப வரிசையாகக் குழிகள் இருக்கும். அதுவும் இல்லை. ஒரு பேரிங்கை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாதுதான், வண்டியும் புதிதில்லை. ஆனால் உதிர்ந்த இடம் கணக்கு காட்டிய அதே இடம் என்பதால் என் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

புதுப் பேரிங்கை ஏற்றும்போது கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று, ஆனால் அதில்தான் பாதிப் பட்டறைகள் கோட்டைவிடுகின்றன. நக்கிளுக்குள் ஏற்றும்போது வெளிவளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். பிறகு ஹப்பை ஏற்றும்போது உள்வளையத்துக்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் டன் கணக்கான அழுத்தம் குண்டுகள் வழியாகப் போய்ப் பாதையில் குழி விழும், புதுப் பேரிங்கே சில வாரத்தில் ஊளையிடும். ஏபிஎஸ் உள்ள வண்டி என்றால் பேரிங்கின் ஒரு பக்க சீலில் காந்தத் தடம் இருக்கும். அது சென்சார் பக்கம் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் என்று சந்தேகம் வந்தால் ஒரு பேப்பர் கிளிப்பைத் தொங்கவிட்டுப் பாருங்கள், ஒட்டும் பக்கம்தான் அது. ஆக்சில் நட்டும் புதிதாகவே போட்டேன்.

பேரிங் கதை இவ்வளவுதான். என்னைக் கேட்டால் அதைவிடக் கவலைப்பட வேண்டியது ஸ்டீயரிங்.

சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ, அது ஸ்ட்ரட்டின் மேல் முனையிலிருந்து கீழ் பால் ஜாயின்ட் வழியாகச் சாய்ந்து வரும் ஒரு கோடு. அதை நீட்டினால் தரையில் ஓரிடத்தில் தொடும். அந்த இடத்துக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள இடைவெளியை ஸ்கிரப் ரேடியஸ் என்பார்கள். பிரேக் பிடிக்கும்போது தரை டயரைப் பின்னோக்கி இழுக்கும், இந்த இடைவெளி ஒரு நெம்புகோலாகி ஸ்டீயரிங்கைத் திருப்பப் பார்க்கும். இரண்டு பக்கமும் சமமாகப் பிடித்தால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், நமக்குத் தெரியாது. ஒரு பக்கம் தார், ஒரு பக்கம் மணல் என்றால் தெரியும்.

1972-இல் வந்த ஆடி 80 காரில் அச்சின் கோடு டயரின் நடுவைத் தாண்டி வெளியே விழும்படி, அதாவது இந்த இடைவெளி நெகட்டிவாக இருக்கும்படி வைத்தார்கள். பிரேக் எண்ணெய்க் குழாயை மூலைக்கு மூலை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒரு பாதி செயலிழந்தால் முன்னால் ஒரு சக்கரம் மட்டுமே பிடிக்கும். அப்போது கார் ஒரு பக்கம் இழுக்க, ஸ்டீயரிங் தானாக மறுபக்கம் லேசாகத் திரும்பிச் சமாளிக்கும். பிறகு வந்த முன்சக்கர இழுவைக் கார்கள் பலவற்றிலும் மூலைக்கு மூலை பிரேக்கும், பூஜ்யத்தை ஒட்டிய அல்லது நெகட்டிவான இந்த இடைவெளியும் சேர்ந்தே வந்தன. இந்த ஸ்விஃப்டின் சரியான ஸ்கிரப் அளவை நான் அளக்கவில்லை, அதற்குத் தேவையும் இல்லை. முதலில் எவ்வளவு இருந்தாலும் அலாய் போட்டதும் அது 25 மி.மீ. பாசிட்டிவ் பக்கம் போய்விட்டது. ஒரு சக்கரத்தில் 2,000 நியூட்டன் பிரேக் விசை என்றால் இந்த 25 மி.மீ. மட்டும் 50 நியூட்டன் மீட்டர் முறுக்கு. இடது பக்கம் மணலில் இருக்கும்போது பிரேக் அடித்தால் ஸ்டீயரிங் கையைப் பிடுங்குகிறது என்று தம்பி சொன்னது இதைத்தான். அவன் அதை அலைன்மென்ட் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

மற்றவை சில்லறைக் குறைகள், ஆனால் சும்மா விடக்கூடியவையும் அல்ல. பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் பின்டயரின் தோள் மட்கார்டின் மடிப்பில் உரசியிருக்கிறது. மடிப்பில் பெயின்ட் போய் இரும்பு மின்னியது, டயரில் சுற்றிலும் ஒரு வெட்டுக்கோடு. அலாயின் நடுத்துளை 73 மி.மீ., ஹப்பின் கழுத்து 54. இடையில் போட வேண்டிய நடுவளையம் இல்லாததால் சக்கரத்தை நடுவில் நிறுத்தியதெல்லாம் நட் ஏறும் நான்கு ஸ்டட்டுகள்தான். சட்டப்படியும் சிக்கல் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அம்சங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது.

புதுப்பேட்டையில் கம்பெனி இரும்பு ரிம்கள் கிடைக்கும். அலாய் போடுகிறவர்கள் கழற்றிவிட்டுப் போவது கடைசியில் அங்கேதான் வந்து சேரும். வாங்கும்போது கடையிலேயே பேலன்சிங் மெஷினில் சுழலவிட்டு விளிம்புக்கு அருகே பேனா முனையைப் பிடித்துப் பார்த்தேன். இடைவெளி கூடிக் குறைந்தால் ரிம் கோணல். அதோடு வெல்டிங் அடித்த தடம் இருக்கிறதா, நட் உட்காரும் சாய்வுத் துளை நீண்டு போயிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். தேறியவற்றை எடுத்து, 165/80 ஆர்14 டயர் போட்டுப் பூட்டினேன். நட்டுகளை டார்க் ரென்ச்சால் கையேட்டு அளவுக்கு இறுக்கி, கொஞ்சம் ஓட்டிய பிறகு மறுபடி சரிபார்த்தேன். டை ராட் எண்டைக் கழற்றியதால் அலைன்மென்டும் செய்தாயிற்று.

ஊளை போய்விட்டது. கூட்டமில்லாத ஒரு சாலையோரத்தில் இடது சக்கரங்களை மணலில் இறக்கி, மெதுவான வேகத்தில் பிரேக்கை மிதித்துப் பார்த்தோம். ஸ்டீயரிங்கில் லேசான அசைவு மட்டும் இருந்தது, ஒரு விரலால் பிடித்துக்கொள்ள முடிந்தது.

தம்பிக்கு அலாய் ஆசை போகவில்லை. இருக்கட்டும், கெட்ட ஆசை ஒன்றுமில்லை. ஐந்தரை அல்லது ஆறு ஜே அகலம், ஆஃப்செட் 40-க்கும் 45-க்கும் இடையில், நடுத்துளை 54 அல்லது அதற்கேற்ற நடுவளையத்தோடு கிடைத்தால் வாங்கிக்கொள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆறு ஜே, ஆஃப்செட் 40 என்றால் நடுக்கோடு வெளியே வருவது 5 மி.மீ. மட்டுமே. உள்விளிம்பு 8 மி.மீ. அளவுக்கு உள்ளே வரும், ஸ்ட்ரட்டுக்கு இடம் இருக்கிறதா என்று அப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். "ஆஃப்செட் குறைஞ்சா என்ன சார், ஸ்டைலா வெளியே நிக்கும்" என்கிற கடையில் வாங்காதே என்றும், உள்ளே இடமில்லை என்று ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் ஸ்பேசர் தட்டு போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு என்றும் சொன்னேன். ஸ்பேசர் 10 மி.மீ. என்றால் ஆஃப்செட்டில் 10 குறைவதும் அதுவும் ஒன்றே. கூடவே ஸ்டட்டில் நட் பிடிக்கும் நீளமும் குறையும். 12 மி.மீ. ஸ்டட்டில் நட் குறைந்தது பத்துச் சுற்றாவது ஏற வேண்டும்.

பின் இடது ஹப்பையும் கையால் சுற்றிப் பார்த்தேன், லேசான கரகரப்பு இருக்கிறது. பிரேக் ஷூ மாற்றும்போது டிரம்மைக் கழற்றத்தான் போகிறோம், அப்போது அந்தப் பேரிங்கையும் மாற்றிவிடலாம் என்று விட்டிருக்கிறேன்.